குடிவழி தேடலும் ஏடுகளும்

கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் 2013 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பென்னிகுவிக் மணிமண்டபத்தைக் காணாதார் இப்பள்ளத்தாக்கில் மிகச் சிலரே. பெரியாற்று அணையைக் கட்டிய அப்பொறியாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கும் இல்லங்கள் இங்குப் பல. ஆயினும் அவ்வணைக்குக் கல் சுமந்த நம் முன்னோர் யாவர் என வினவினால் விடை எளிதில் கிட்டுவதில்லை. ஒருவர் குடிவழி துலங்குவதும் மற்றவர் குடிவழி மறைவதும் எதனால் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

பென்னிகுவிக் 1841 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள் பூனாவில் பிறந்தவர். ஆங்கிலேயர் ஆட்சியில் பாதிரிமார் நடத்திய திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகள் படியெடுக்கப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று வரிசைகளாக உள்ளன. பென்னிகுவிக் பணியாற்றியது சென்னை மாகாணத்தில் என்பதால் அவர் பிறப்பைச் சென்னை வரிசையில் தேடுவது வீண். பூனா பம்பாய் மாகாணத்தைச் சார்ந்தது. நிகழ்ச்சி நடந்த இடத்தைக் கொண்டே ஏட்டைத் தேடுதல் வேண்டும்.

அவர் தந்தையார் படைத்தலைவர். 1849 சனவரி 13 இல் சில்லியன்வாலாப் போரில் வீழ்ந்தார். மகன் அலெக்சாண்டரும் அதே களத்தில் மாண்டார். இதற்குப் படைப் பதிவேடுகள் சான்று. பொறியாளர் 1911 இல் இங்கிலாந்தில் மறைந்தார். அந்நாட்டில் 1858 முதல் மெய்ப்பிக்கப்பட்ட உயில்களுக்கு ஆண்டுதோறும் அட்டவணை உண்டு. சொத்துகளை விற்று அணை கட்டினார் என்பது நம்மிடையே வழங்கும் வாய்மொழி. மக்களின் நன்றியுணர்வுக்கு அஃது அழகிய சான்று. ஆனால் அணை சென்னை அரசின் செலவில் எழுந்தது. வாய்மொழியைப் புறக்கணித்தலும் ஆகாது, ஏட்டோடு ஒப்பிடாது ஏற்றலும் ஆகாது.

ஏடுகள் அழிந்த நாட்டின் நிலையை அயர்லாந்தில் காணலாம். 1922 சூன் 30 இல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக் கால மக்கள்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் சாம்பலாயின. பாதுகாப்புக் கருதித் தலைநகருக்கு அனுப்பப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகளோ அந்தந்த ஊர்க் கோவில்களிலேயே இருந்தமையால் தப்பின! கும்பினிப் படையில் அயர்லாந்தார் பெரும்பங்கினர் ஆதலின், தாயகத்தில் தடம் காணாத வழித்தோன்றல்கள் இந்திய வரிசைகளை நாடுவதும் உண்டு.

இனி நம் பள்ளத்தாக்கு. கடல் கடந்த கூலித் தொழிலாளரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, வட்டம், ஊர் ஆகியன கப்பற் பட்டியல்களில் உள்ளன. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒன்றரை இலட்சம் பேருக்கு அவ்வாறு பட்டியல் உண்டு. ஊரை விட்டுப் போனவர் ஏட்டில் ஏறினர். ஊரிலேயே உழைத்தவர் ஏறிலர். இஃது ஒரு முரணே.

நிலம் உடையார்க்கு வருவாய்த்துறை நிலவரிப் பதிவேடு துணை. தேனி மாவட்டம் 1996 இல் தோன்றியதாகலின் பழைய ஏடுகளை மதுரை மாவட்டத்தின் பெயரால் கேட்டல் வேண்டும். நிலமற்றோர் எங்குச் செல்வது? முஸ்லிம் குடும்பங்களுக்குப் பள்ளிவாசல் தப்தர் உண்டு. மணமக்கள், அவர்தம் தந்தையர், பெண்ணின் வலி, சாட்சிகள், மஹர்த்தொகை ஆகியன அதில் எழுதப்படும். ஒரு நிக்காஹ் பதிவிலிருந்தே இரு குடும்பங்களின் இரு தலைமுறைகள் கிடைத்துவிடுகின்றன.

காலக்குறிப்பில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அணை திறக்கப்பட்ட 1895 அக்டோபர், ஹிஜ்ரி 1313 இல் அடங்கும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவாதலின், ஒரே எண்ணைக் கூட்டி எல்லா ஆண்டுகளையும் மாற்றுதல் பிழையாகும். பழைய பத்திரங்களில் மன்மத வருடம் என மட்டும் இருப்பின் அது 1835 ஆகலாம், 1895 ஆகலாம், 1955 உம் ஆகலாம். முத்திரைத்தாளில் எந்த அரசரின் உருவம் உள்ளது எனக் கண்டால் ஐயம் பெரிதும் நீங்கும்.

தப்தர்கள் பல இன்று கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன. முத்தவல்லியின் இசைவு பெற்று விடுமுறையில் மாணவர் அவற்றைப் படியெடுக்கலாம். பக்கம் சிதையாதிருக்க ஒளிப்படம் எடுத்தல் நன்று. படியெடுப்போர் பெண்களின் பெயர்களை விடாது குறித்தல் வேண்டும். பட்டாவில் பாட்டனார் பெயர் இருக்கும். பாட்டியார் பெயர் பெரும்பாலும் இராது. அவர் இன்னார் மகள், இன்ன ஊரிலிருந்து மணமுடிக்கப்பட்டு வந்தவர் என்னும் செய்தி அத்தப்தரின் ஒரு வரியில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.