இரைப்பைப் புற்றுநோய்: தொடக்கத்திலேயே அறிவோம்

நுண்ணுயிரிகள் பாடத்தில் காலரா, காசநோய் பற்றிக் கற்பிக்கிறோம். ஒரு பாக்டீரியா புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம் என்பதையும் அதனோடு இணைத்துக் கற்பிக்கலாம். சென்னை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் இரைப்பைப் புற்றுநோயும் ஒன்று. வரிச்சிக்குடி போன்ற கடலோர ஊர்களுக்கும் இச்செய்தி தேவை.

காரணங்கள்

ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை 1982-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் கண்டறிந்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். இது பல ஆண்டுகள் இரைப்பையில் தங்கிப் புண்ணை உண்டாக்கும். தொற்று உள்ள அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. புகையிலை, மது, உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை மிகுதியாக உண்ணுதல் ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

அறிகுறிகள்

தொடக்க நிலையில் வலி பெரும்பாலும் இராது. இருந்தாலும் ‘வாய்வு’ என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிடுகிறோம். சில வாரங்களாகத் தொடரும் மேல்வயிற்று எரிச்சல், சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, கறுத்த மலம் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் காண வேண்டும். பெரும்பாலும் இவை சாதாரணப் புண்ணாகவே இருக்கும். ஆனால் அதை உறுதி செய்வது எண்டோஸ்கோபியும் திசுப் பரிசோதனையும்தான்.

சிகிச்சை

பாக்டீரியா தொற்றை மருத்துவர் தரும் மாத்திரைகளால் இரு வாரங்களில் பெரும்பாலும் நீக்கிவிடலாம். மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. புற்று இரைப்பையின் உட்படலத்தோடு நின்றிருந்தால், தகுந்தவர்களுக்கு வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே அகற்ற முடியும். முற்றினால் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் தேவைப்படும். புதுச்சேரி ஜிப்மரிலும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு குறைந்தது எத்தனை நாள் வர வேண்டும்? விடை: 50 நாள். வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று மாணவர் குறித்து வரட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பு இதற்கு மேல் என்பதையும் நினைவூட்டுக.

ஆசிரியர் கவனத்திற்கு

கருவாடு நம் மாணவர் பலரின் குடும்பத் தொழில். அதைப் பழித்துப் பேசாமல், ஊறவைத்து அலசி அளவோடு உண்ணும் பழக்கத்தை எடுத்துரைக்கவும். யாருக்கு நோய் என்று வகுப்பில் கேட்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் அறிகுறிகளைப் படித்துக் காட்டுங்கள். நாற்பது வயதைக் கடந்த நாமும் அவற்றை நம்மோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.