முன்னோர் பெயர் அறிதலும் அரச பதிவேடுகளும்

ஆடி அமாவாசையில் தந்தையை இழந்தோரும், சித்திராப் பூரணையில் தாயை இழந்தோரும் விரதமிருந்து பிதிர்கடன் ஆற்றுவது எமது மரபு. இல்லறத்தான் பேண வேண்டியோருள் தென்புலத்தாரையே திருவள்ளுவர் முதலில் வைத்தார். அக்கடன் செய்யும்போது தந்தை, பேரனார், பூட்டனார் என மூன்று தலைமுறையின் பெயரைக் குருக்கள் கேட்பார். இன்று பலருக்குப் பேரனாரின் பெயருடன் நினைவு நின்றுவிடுகின்றது. 1987ஆம் ஆண்டு மே, யூன் மாதங்களில் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின் போதும் பின்வந்த இடப்பெயர்வுகளிலும் வீட்டிலிருந்த கடதாசிகள் அழிந்தமையும், பிள்ளைகள் கடல்கடந்து வாழ்வதும் இதற்குக் காரணங்கள். ஆயினும் வீட்டில் அழிந்தது கந்தோரில் இருக்கலாம். அதனைப் பெறும் வழியை அரச எழுதுவினைஞராகக் கடமையாற்றிய அநுபவங்கொண்டு அடியார்களுக்கு இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகள். இலங்கையில் இப்பதிவு முறை 1867ஆம் ஆண்டுச் சட்டத்துடன் தொடங்கியது. நெல்லியடியைச் சேர்ந்தோர் கரவெட்டியிலுள்ள வடமராட்சி தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை இலகு. தெரியாவிடின், கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடுவிக்கலாம். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பிறப்பத்தாட்சிப் பத்திரங்களில், தாய் தந்தையர் விபரத்துடன், இலங்கையிற் பிறந்த பேரனாரின் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கும் கூடு உண்டு. ஆகவே ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறையைக் காணலாம். விவாகப் பதிவில் மணமக்கள் இருவரதும் தந்தையர் பெயர் இருக்கும்.

இரண்டாவது, காணி உறுதிகள். நொத்தாரிசு தாம் முடிக்கும் உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு மாதந்தோறும் அனுப்புதல் வேண்டும். எனவே எமது கையில் உள்ள பிரதி தொலைந்தாலும் பதிவகத்தில் தேடலாம். காணியின் பெயரும் இறையும் தெரிந்தால், பதிவேட்டின் ஒரு பக்கம் முந்திய பக்கத்தைக் காட்டிக்கொண்டே பின்னோக்கிச் செல்லும். எமது தேசவழமையில் சீதனம் பெண்வழிக்குச் செல்வதால், சீதன உறுதிகளில் தாய், பேத்தியார் பெயர்களைக் காணலாம். வம்ச விருட்சம் எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பெயர்கள் இவையே. பங்கு வழக்கு நடந்த காணியாயின், நீதிமன்றக் கோவையில் வம்சாவளியே இருக்கும். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்கீட்டுச் சட்டம் அதனை வேண்டுகின்றது.

மூன்றாவது, பழைய தோம்புகள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் காணித் தோம்பும் பாடசாலைத் தோம்பும் எழுதுவித்தனர். 1672இல் வெளிவந்த பல்தேயஸ் பாதிரியாரின் நூலில் வடமராட்சியின் கோவிற்பற்றுகளாகக் கட்டைவேலி, உடுப்பிட்டி, பருத்தித்துறை என்பன கூறப்படுகின்றன. வீட்டிலே சைவராக வாழ்ந்தோரும் விவாகத்தைப் பதிவதற்காக ஞானஸ்நானப் பெயர் பெற்ற காலம் அது. ஆதலால் முன்னோர் பெயர் அங்கே வேறாக இருப்பின் வியப்புறல் வேண்டாம். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ளன. அவை ஒல்லாந்த மொழியில் இருப்பதால் மொழி தெரிந்தவர் துணை வேண்டும்.

“அந்தப் புத்தகம் இல்லை” என்ற வாய்ப்பதிலுடன் திரும்பிவிடுதல் எம்மவர் வழக்கம். இங்கேதான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் துணையாகும். இது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எப்பிரசையும், காரணம் கூறாமலே, தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவித்தல் வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

ஆனால் எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். பிறருடைய அந்தரங்க விபரங்களை இச்சட்டத்தின் கீழ் மறுக்க இடமுண்டு. அத்தாட்சிப் பத்திரத்துக்கு வழமையான விண்ணப்பமே போதும். “இன்ன பதிவுப் பிரிவின் 1900 முதல் 1930 வரையான பதிவேடுகளில் எவை உள்ளன? எவை அழிந்தன? இரண்டாம் பிரதி எங்கே உள்ளது?” என்றே இச்சட்டத்தின் கீழ்க் கேட்டல் வேண்டும். எழுத்தில் வரும் பதில் அடுத்த கந்தோருக்கு வழிகாட்டும். வெளிநாட்டுப் பிரசையாகிவிட்டோர் சார்பில் இங்குள்ள உறவினர் கேட்கலாம்.

கந்தோருக்குப் போகுமுன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வீட்டிலுள்ள முதியோரிடம் பெயர், ஊர், காணிப் பெயர், மணமுடித்த இடம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் அழைத்த பெயரையும் பதிவுப் பெயரையும் வேறாகக் குறியுங்கள். பதிவேடு அடுத்த ஆண்டும் இருக்கக்கூடும். முதியவர் இருப்பாரென்பது நிச்சயமில்லை. வருகின்ற ஆடி அமாவாசையில் எம் அடியார் ஒவ்வொருவரும் மூன்று தலைமுறையின் பெயரையும் தயங்காது கூறி எள்ளும் நீரும் இறைக்க எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.