தெளிந்த தண்ணீரை நம்பாதே

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நாலடித் தொட்டி நிறைய அரிசி களைந்த கழுநீர். அதற்குள் எங்கேயோ எட்டு கோல்டுஃபிஷ். வாங்கிய மூன்றாம் நாளே கலங்கிவிட்டது, அப்பா இரண்டு தடவை மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டி மாற்றியும் திரும்பத் திரும்ப வெளுக்கிறது, கடைக்காரர் ஒரு பாட்டில் மருந்து சொல்கிறார், ஆச்சி தேத்தாங்கொட்டையோடு நிற்கிறாள், எதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு இரண்டையும் எடுத்து வை. ஒரு கண்ணாடி டம்ளர் போதும்.

தொட்டியின் நடு ஆழத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார். பிறகு ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டுவிடு. காலையில் அடியில் மண்டி படிந்து மேலே தெளிந்திருந்தால், அது கழுவாமல் போட்ட கூழாங்கல்லின் தூசி. ஃபில்டரில் ஓர் அடுக்கு வெள்ளைப் பஞ்சு வைத்தால் ஓரிரு நாளில் பிடித்துக்கொள்ளும். டம்ளர் பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. ஜன்னல் வெயிலும் ஓயாமல் எரியும் விளக்கும் தின்னக் கொடுத்து வளர்த்தது. மூன்று நான்கு நாள் விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி வைத்தால் அடங்கும். செத்த பாசி அழுகும் என்பதால் அப்போது காற்று பம்ப் நிற்கவே கூடாது. முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும். டீத் தண்ணீர் நிறமாக இருந்தும் ஊடே பார்க்க முடிந்தால், அலங்கார மரக்கட்டை விட்ட சாயம். அதனால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

உன் தொட்டியில் இவை எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். டம்ளர் காலையிலும் வெள்ளையாகவே இருக்கும். அந்த வெள்ளை, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத கோடானுகோடி பாக்டீரியா.

அவை எங்கிருந்தோ வந்த கிருமிப் படை என்று பயந்துவிடாதே. தின்னாமல் விட்ட உணவும் மீனின் கழிவும் அழுகும்போது அவற்றைத் தின்று பெருகுகிறவை. தீனி இருக்கும்வரை சில மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். இவை அல்லாமல் இன்னொரு கூட்டம் உண்டு. மீன் செவுள் வழியே விடும் அம்மோனியாவை ஒன்று நைட்ரைட் ஆக்கும். இன்னொன்று அதை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அளவோடு இருந்தால் தொல்லை இல்லை. இந்த வேலைக்காரர்கள் தண்ணீரில் மிதப்பதில்லை. ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழ்கிறார்கள். மெதுவாகத்தான் பெருகுவார்கள். புதுத் தொட்டியில் இவர்கள் முழுசாகக் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். உன் தொட்டிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்பா மொத்தமாக இறைத்துக் கொட்டியபோதெல்லாம் தீனி போனது, உண்மைதான். கூடவே கல்லையும் பஞ்சையும் குழாயடியில் அலசியிருப்பார். அப்போதுதான் வந்து ஒட்டியவர்களைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றிருக்கும்.

இதை நான் எப்படிக் கற்றேன் என்றும் சொல்கிறேன். உன் வயதில் எனக்கும் ஒரு தொட்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் செலவழித்து அத்தனையையும் தேய்த்துக் கழுவினேன். திங்களன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. தெருப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். புதன்கிழமை மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வியாழக்கிழமை நாலைத் தென்னைமரத்தடியில் புதைத்தேன். அன்றும் தண்ணீர் அதே தெளிவோடுதான் இருந்தது. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, மருமகளே. தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு.

அதனால் வெள்ளையைப் பார்த்துக் கலங்காமல், வெள்ளைக்குப் பின்னால் இருப்பதை அளக்க வேண்டும். அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் டெஸ்ட் கிட் வாங்கு. சொட்டு விட்டு நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, உன் பள்ளி ஆய்வகத்தில் செய்வதைவிடச் சுலபம். இரண்டும் சுழியத்தில் இருக்க வேண்டும். பிஎச்சையும் பார்த்துவிடு. அது 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் விஷமாக நிற்கும் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் உப்பும் காரத்தன்மையும் உள்ளது, வெயில் வேறு. நீ கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்து கணக்கு. உன் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். பெருக்கினால் 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 255 லிட்டர். கல்லுக்கும் மேலே விட்ட இடைவெளிக்கும் கழித்தால் 220 லிட்டர் என்று வை. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனில் பதினொன்று. கால்வாசி மாற்று என்று நான் சொன்னால் மூன்று கேனுக்குச் சற்றுக் குறைவு. இந்த 220 லிட்டர் என்ற எண்ணைத் தொட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடு. குத்துமதிப்பாக மருந்து ஊற்றும் பழக்கம் அதோடு போய்விடும்.

பெரிய தொட்டியில் ஒரு நன்மை உண்டு: அவ்வளவு தண்ணீர் சட்டென்று கெடாது. அதில்தான் ஏமாற்றமும் இருக்கிறது. இவ்வளவு தண்ணீருக்கு இன்னும் நாலு மீன் தாங்காதா, இன்னொரு கிள்ளு உணவு தாங்காதா என்று கை நீளும். எட்டு கோல்டுஃபிஷ்ஷை ஒரே நாளில் விட்டது அந்தக் கணக்கில்தான். கோல்டுஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். நாலைந்தைக் கொஞ்ச நாளைக்குக் கடைக்காரரிடமே விட்டுவைக்க முடிந்தால் நல்லது.

இனி செய்ய வேண்டியது: இரண்டு நாள் உணவு போடாதே. நல்ல மீன் அதைத் தாங்கும். மனசு கேட்காதது உனக்குத்தான். மூன்றாம் நாளிலிருந்து ஒருவேளை மட்டும், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பெருகிய பாக்டீரியா தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. ஆகவே காற்று பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் கால்வாசி மாற்று. மறுநாளும் தெரிந்தால் மறுபடியும் கால்வாசி. ஒன்றும் தெரியாவிட்டால் வெள்ளையைப் பொறுத்துக்கொள். புதுத் தண்ணீரில் அளவு பார்த்து ஆன்டி குளோரின் கலந்துவிட்டு ஊற்று. ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி பிழிந்து திருப்பி வை, வெள்ளையாக்க நினைக்காதே. நோயில்லாத, பழகிய தொட்டி வைத்திருக்கும் யாராவது அருகில் இருந்தால் அவர்களுடைய பழைய பஞ்சில் ஒரு துண்டு கேள். ஈரம் காயாமல் கொண்டுவந்து உன் ஃபில்டரில் செருகு. நாலு வாரக் குடியேற்றம் அதனால் நன்றாகக் குறையும்.

ஆச்சியிடம் பக்குவமாகச் சொல். அவள் சொல்வதில் பிழையில்லை. பானையின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்தால் மிதக்கும் மண் ஒன்றோடொன்று திரண்டு அடியில் இறங்கும். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை இது. கடைக்காரர் பாட்டிலும் பெரும்பாலும் செய்வது அதையேதான்: தூசியைத் திரட்டும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஆனால் மண் பெருகுவதில்லை. உன் தொட்டியில் இருப்பது பெருகும். தீனியை நிறுத்தாமல் திரட்டிக்கொண்டே இருந்தால் பாட்டில்தான் தீரும்.

ஒரு நோட்டுப் போடு. தேதி, அம்மோனியா, நைட்ரைட், போட்ட உணவு என்று நாலு பத்தி. சில நாளிலோ, போனால் இரண்டு வாரத்திலோ ஒரு காலை நீ எழுந்து பார்க்கும்போது எட்டு மீனும் எதிர்ச்சுவர் வரை துல்லியமாகத் தெரியும். அன்றைக்குப் படம் எடுத்து எனக்கு அனுப்பாதே. அன்றைய அம்மோனியா எவ்வளவு என்று மட்டும் எழுது.

அன்புடன்,
மாமா