பழைய எஞ்சினும் தடித்த எண்ணெயும்

மோட்டார் வண்டிக்கு முதுமை எய்தியவிடத்து, அதனை ஆக்கியோர் விதித்ததினும் தடித்த எண்ணெயை எஞ்சினில் வார்த்தல் நன்றோ, தீதோ என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், கூறுவன். மதுரைக்குத் தெற்கே, விமான நிலையம் செல்லும் வழியில் அமைந்தது எம்மூராகிய அவனியாபுரம். தைத்திங்கள் முதல் நாளில் நிகழும் சல்லிக்கட்டினால் அதன் பெயர் எங்கும் பரவியுள்ளது. ஏனைய நாட்களில் அவ்வூரார் பலர்க்குச் சோறிடுவன பழைய ஆட்டோக்களும் சரக்கு வண்டிகளுமே. "புகை தள்ளுதா? கெட்டி ஆயிலா ஊத்து" என்பது ஆங்குப் பட்டறைகளிற் கேட்கும் மருத்துவம். அம்மருத்துவத்தின் மெய்யும் பொய்யும் அறிதல் ஒரு குடும்பத்தின் நாள்வருவாயைக் காத்தலாகும்.

நம் முன்னோர் மாட்டுவண்டியின் அச்சிற்கு, வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மை இட்டனர். சக்கரம் மெல்லச் சுழல்வது. இட்ட மை இட்ட இடத்திலேயே நிற்பது. ஆகலின் அது தடித்திருத்தல் தக்கதே. எஞ்சினின் இயல்போ வேறு. அதன் எண்ணெய் ஓரிடத்தில் நில்லாது, பம்பினால் உந்தப்பெற்று, நுண்துளைகளின் வழியே கிராங்குத் தண்டிற்கும் மேலுள்ள கேம் தண்டிற்கும் ஓடி, வெப்பத்தையும் அழுக்கையும் சுமந்துகொண்டு மீண்டும் அடித்தொட்டியில் வீழ்வது. தண்டிற்கும் பேரிங்கிற்கும் இடைப்பட்ட வெளி, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறிட்டால் அவற்றுட் சில கூறளவே. அவ்வெளியில் எண்ணெய் படலமாய் நின்று, உலோகத்தை உலோகம் தீண்டாமற் காக்கின்றது. பெட்ரோலொடு கலந்தெரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பு.

எண்ணெயின் தடிப்பைப் பாகுநிலை என்பர். ஒரே துளைவழியே நீர் விரைந்தும் தேன் மெல்லெனவும் இறங்குதற்கு அதுவே காரணம். 1905-இல் அமெரிக்காவில் தோன்றிய மோட்டார்ப் பொறியாளர் கழகம் அதனை வகுத்து எண்ணிட்டது. டப்பாவின்மேற் காணும் '10டபிள்யூ-30' என்பது அவ்வெண்ணே. டபிள்யூ என்னும் எழுத்துக் குளிர்காலத்தைக் குறிக்கும். ஆதலின் முன்னெண் குளிரில் எண்ணெய் எங்ஙனம் இயங்கும் என்பதைக் காட்டும். பின்னெண் 100 பாகை செல்சியசில் அதன் பாகுநிலையைக் காட்டும். அவ்வெப்பத்தில் 30 என்பது 9.3 முதல் 12.5-க்கு உட்பட்டும், 40 என்பது 12.5 முதல் 16.3-க்கு உட்பட்டும், 50 என்பது 16.3 முதல் 21.9-க்கு உட்பட்டும் சென்டிஸ்டோக்கு அளவினதாய் இருத்தல் வேண்டும்.

மதுரையிற் பனிக்கட்டி ஏது, குளிரைப் பற்றி நமக்கென்ன கவலை எனின், அற்றன்று. 40 பாகையில் 10டபிள்யூ-30 எண்ணெய் ஏறத்தாழ 70 சென்டிஸ்டோக்கும், 20டபிள்யூ-50 எண்ணெய் ஏறத்தாழ 160 சென்டிஸ்டோக்கும் உடையன. எனவே சித்திரைத் திங்களின் விடியற்காலையிற்கூட, ஓடிச் சூடேறிய எஞ்சினை நோக்க, நின்ற எஞ்சின் குளிர்ந்ததேயாம். அந்நேரத்தில் தடித்த எண்ணெய் மற்றையதினும் இருமடங்கிற்கு மேல் தடித்து, மேலிடங்களுக்கு ஏறத் தாமதிக்கும். தேய்மானம் மிகுவதும் அத்தொடக்க நேரத்திலேயே என்க.

இனி, பட்டறையார் கூற்றிலுள்ள உண்மையையும் மறைத்தல் அறமன்று. நெடுநாள் உழைத்த எஞ்சினில் பேரிங்கின் இடைவெளி விரியும், மெல்லிய எண்ணெய் அதன்வழி விரைந்து ஒழுகும், அழுத்தம் குறையும். தடித்த எண்ணெய் மெல்ல ஒழுகுதலால் அழுத்தம் ஏறும், தட்டொலி தணியும், பிஸ்டன் வளையங்களைக் கடந்து எரியும் எண்ணெயும் சிறிது குறையும். ஆகலின் கோடையும் பாரமும் மிக்க இடத்து, வண்டியோடு வந்த கையேட்டின் அட்டவணை இடந்தருமாயின், ஒரு படி ஏற்றுதல் குற்றமாகாது.

ஆயின் அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. கண்மாயின் மடையிற் சேறு அடைத்தால் மடைக்கு முன்னே நீர் உயர்ந்து நிற்கும். கடைமடை வயலோ காயும். உயர்ந்த நீரைக் கண்டு பாசனம் செழித்தது என்பார் உளரோ? அங்ஙனமே, அளவிறந்து தடித்த எண்ணெயால் அழுத்தமானி உயர, கேம் தண்டு வறளும். வடிகட்டி அத்தடித்த எண்ணெயை விரைந்து விடமாட்டாவிடின், அதன் மாற்றுவழித் திறப்புத் திறந்து, வடிக்கப்படாத எண்ணெயே உட்செல்லும். பெட்ரோற் செலவும் ஏறும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் பொறுத்த தடிப்பை, வால்வு திறக்கும் காலத்தை எண்ணெய் அழுத்தத்தாலேயே மாற்றியமைக்கும் பிற்காலக் கார்கள் பொறா. இருசக்கர வண்டிகள் பலவற்றில் கிளட்சும் அதே எண்ணெயில் நனைதலின், காருக்குரிய எண்ணெயை வார்ப்பின் கிளட்சு வழுக்குதலும் உண்டு.

இவை யாவினும் பெரிய தீங்கு ஒன்றுளது. எம் தெருவில் ஆட்டோ ஓட்டும் பெரியவர் ஒருவர், புகைக்குத் தீர்வாகத் தடித்த எண்ணெய் வார்த்தார். புகை குறைந்தது. நோய் தீர்ந்தது என்று எண்ணி, நாள்தோறும் அளவுகோலை உருவிப் பார்த்த வழக்கத்தையும் விட்டார். எண்ணெயோ முன்னினும் சிறிது மெல்ல எரிந்துகொண்டேயிருந்தது. மூன்றாந் திங்களில், விமான நிலையச் சாலையில் எஞ்சின் இறுகி நின்றது. இருபது நாள் வருவாயும், மகளின் பள்ளிக்கட்டணத்திற்குச் சேர்த்த பணமும் அதன்பாற் சென்றன. எஞ்சினைக் கொன்றது தடித்த எண்ணெய் என்னேன். எச்சரித்த வாயை அடைத்தது அதுவே என்பேன்.

ஆகலின் மருந்திற்கு முன் நோய் நாடுக. நீலப்புகை எண்ணெய் எரிதலையும், கரும்புகை எரிபொருள் மிகுதலையும் காட்டும். இரவு நின்று காலையிற் கிளப்பும்போது மட்டும் நீலப்புகை எழுந்து மறையின், பெரும்பாலும் வால்வுத் தண்டின் ரப்பர் சீல் தேய்ந்ததாம். அதனை மாற்றல் சிறு செலவே. முடுக்குந்தோறும் எழின், பிஸ்டன் வளையத்தை ஐயுறுக. பெட்ரோல் எஞ்சினாயின், அமுக்க அளவை ஒருமுறை கண்டு, ஸ்பார்க் பிளக் துளைவழிச் சிறிது எண்ணெய் விட்டு மறுமுறை காண்க. அளவு உயரின் வளையத்தின் குறை; உயராவிடின் வால்வு முதலியவற்றின் குறை. எவ்வாறாயினும் வாரந்தோறும் எண்ணெயளவு பார்த்தலும், உரிய காலத்தில் மாற்றுதலும் ஒழியற்க.

பழைய வண்டியை விற்பார் சிலர், புகையையும் ஒலியையும் ஒருநாள் மறைத்தற்பொருட்டே தடித்த எண்ணெய் வார்ப்பர். வாங்குவோனும் அவ்வண்டியால் வயிறு வளர்ப்பவன் என்பதை அவர் நினைத்தல் வேண்டும். எண்ணெய் கொள்ளாது சென்றது உவமையிற் கண்ட ஐந்து கன்னியரின் குற்றம். எண்ணெய் கொண்டும் அதனைக் குறை மறைக்கும் திரையாக்குதல் நம் குற்றமாகாதிருப்பதாக.