சுக்கான் இறுகிக்கொண்டால்

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகி வருகிறார்கள். படகு பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன் என்பதால் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள்: மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்த படகின் சுக்கான் அசைய மறுக்கிறதே, என்ன செய்வது? மற்றவர்களுக்கும் பயன்படட்டுமே என்று பதிலை இங்கே எழுதுகிறேன்.

சுக்கான் என்ற சொல் அரபு மாலுமிகளிடமிருந்து நமக்கு வந்தது. அதைப் பிடிப்பவர் சுக்கானி. ஆங்கிலேயர் வாயில் அது 'சீகன்னி' ஆயிற்று.

நீருக்குள் இருப்பது சுக்கான் பலகை. அதிலிருந்து எழும் தண்டு, படகின் அடியில் பதித்த குழாய் வழியே மேலே வந்து கைப்பிடியோடு சேர்கிறது. குழாயின் மேலும் கீழும் புஷ் இருக்கும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இடத்தில்தான் எல்லா வம்பும்.

சக்கரம் வைத்த படகானால் முதலில் கேபிளைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் திருப்பிப் பாருங்கள். பல சமயம் குற்றவாளி கேபிளும் கப்பியும்தான், தண்டு நிரபராதி!

தண்டேதான் இறுகியிருக்கிறது என்றால், பிடித்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி நாலு பேர் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். தண்டு திரும்பாது, சாவிக்கட்டைதான் முறியும். கீழ்வாயில் கொட்டலசு ஒட்டியிருந்தால் அது சுண்ணாம்பு. வினிகரை ஊற்றி ஓர் இரவு விட்டு, நல்ல தண்ணீரில் கழுவினால் இளகும். அலுமினியத் தண்டில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது உப்புநீர் அரித்த ஆக்சைடு. உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் ஆப்பு வைத்ததுபோல் இறுக்கும். இதற்குத் துரு இளக்கும் எண்ணெயும் பொறுமையும் வேண்டும். தினம் எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசைத்துக்கொண்டே வர வேண்டும். நெருப்பு காட்டவே கூடாது. பைபர் கிளாஸ் படகுகளில் உள்ள ரெசின் பலவும் 100 டிகிரி செல்சியஸுக்கு முன்பே இளகிவிடும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. நைலான் புஷ் தண்ணீரைக் குடிக்கும். முழுக்க ஊறினால் தன் எடையில் 8 சதவீதத்துக்கும் மேல் குடித்து, பருத்து, தண்டைக் கவ்வும். கரையேற்றிய படகில் அது காய்ந்து சுருங்கிவிடும். ஆகவே யார்டில் வழுக்கிக்கொண்டு திரும்பிய சுக்கான், கடலில் இறக்கிச் சில வாரம் கழித்து மீண்டும் இறுகலாம். புதிய நைலான் புஷ் போடுவதானால் சில வாரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு கடைந்து மாட்ட வேண்டும். தேய்ப்பது புஷ்ஷைத்தான், தண்டில் உப்புத்தாள் படக்கூடாது. என்னைக் கேட்டால் நைலானே வேண்டாம், அசிட்டால் போடுங்கள். அது குடிக்கும் நீர் 1 சதவீதத்துக்கும் குறைவு.

தண்டு அசைந்துவிட்டது என்று அத்தோடு விடாதீர்கள். வெளியே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். படகைத் தூக்க வசதியில்லாவிட்டால் சுக்கானுக்கு நேர் கீழே குழி வெட்டி இறக்குவார்கள். பலகையின் கனம் ஆளை நசுக்கும். முதலில் கட்டை அடுக்கித் தாங்கல் கொடுத்த பிறகே மேல் நட்டைக் கழற்ற வேண்டும். தட்ட நேர்ந்தால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். நேராகச் சுத்தியலால் அடித்தால் தண்டின் தலை காளான்போல் விரிந்து, குழாய்க்குள் நுழையாமல் போகும்.

துருப்பிடிக்காத எஃகு என்று நம்பவும் வேண்டாம். காற்றுப்படாமல் உப்புநீர் தேங்கும் இடத்தில் அதுவும் குழிகுழியாக அரிக்கும். குழி ஆழமாயிருந்தால் தண்டை மாற்றுவதே சரி. நடுக்கடலில் திசை திருப்ப முடியாத படகை அலைதான் ஓட்டும். உலகைச் சுற்றிய நம் கடற்படைப் பாய்மரப் படகு 'தாரிணி'கூட, 2018-இல் திரும்பும் வழியில் சுக்கான் இயக்கத்தில் கோளாறு வந்து மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒதுங்க வேண்டியிருந்தது. (அதே படகில் 2024-25-இல் உலகைச் சுற்றிய இருவரில் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர்.)

படகை இறக்கிய பின் இரண்டு மூன்று வாரம் துறைமுகத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். தினமும் சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, கை எப்போது கனக்கிறது என்று கவனியுங்கள். கனம் கூடிக்கொண்டே போனால் பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்ட வேண்டாம். படகை மறுபடி யார்டுக்குக் கொண்டுவாருங்கள்.