கண்ணாடிக்குப் பின்னால் காலாவதித் தேதி: வெண்டிங் மெஷின் சிப்ஸுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் தளத்தில் இருக்கும் வெண்டிங் மெஷினில் யுபிஐ மூலம் பணம் கட்டி ஒரு சிப்ஸ் பாக்கெட் எடுத்தேன். வாயில் போட்டதுமே காறல் அடித்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், எக்ஸ்பயரி தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குள் பாதியை வாங்கிச் சாப்பிட்டுவிட்ட என் தோழிக்கு அன்று இரவு வாந்தி. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. 20 ரூபாய், மெஷின் எடுத்ததோ 25. மெஷினில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் பேசினேன். "அந்தத் தேதி தாண்டினால் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல மேடம், ருசிதான் கொஞ்சம் குறையும். வேணும்னா 25 ரூபாயைத் திருப்பி அனுப்பறோம்" என்கிறார்கள். மெஷின் மேலேயோ 'பணம் திருப்பித் தரப்படாது' என்று ஒட்டியிருக்கிறது. பில் எதுவும் வரவில்லை. வழக்குப் போட முடியுமா? யார் மீது?
– வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: முடியும். ஆனால் போனில் பேசியவர் உங்களைக் குழப்பிவிட்டிருக்கிறார். முதலில் அதைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

அவர் சொன்ன விளக்கம் 'பெஸ்ட் பிஃபோர்' தேதிக்குப் பொருந்தும். அந்தத் தேதிவரை பொருள் அதன் முழுத் தரத்தோடு இருக்கும். தாண்டினால் மொறுமொறுப்பும் மணமும் குறையலாம், ஆனால் சாப்பிட உகந்ததாகவே இருக்கக்கூடும். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' என்பது வேறு. அந்தத் தேதிக்குப் பிறகு அதை மனிதர் உண்பதற்காக விற்கவோ வினியோகிக்கவோ கூடாது. 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிமுறைகள்படி, தயாரித்த அல்லது பாக்கெட் செய்த தேதியும் எக்ஸ்பயரி தேதியும் கட்டாயம். பெஸ்ட் பிஃபோர் என்பது நிறுவனம் விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் தகவல், அவ்வளவுதான். உங்கள் பாக்கெட்டில் முடிந்திருப்பது எக்ஸ்பயரி என்றால் 'ருசி கொஞ்சம் குறையும்' என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

3 மாதத்துக்குள் தீர்ந்துபோகிற பண்டத்துக்கு நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்க வேண்டும். அதற்கு மேல் தாங்குவதற்கு மாதமும் ஆண்டும் போதும். அப்போது அந்த மாதத்தின் கடைசி நாள்வரை என்று கொள்வதே வழக்கம். இந்தத் தேதிகள் எல்லாமே லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால் மட்டுமே செல்லும். 'குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்' என்று அச்சிட்ட பாக்கெட்டை மேற்கு வெயில் அறைகிற கண்ணாடிச் சுவர் ஓரம் மெஷினில் அடுக்கினால், தேதி பாக்கியிருக்கும்போதே எண்ணெய் காறிப்போகலாம். தேதி தாண்டவில்லை என்பது விற்றவருக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது.

இனி உங்கள் வழக்கின் மையத்துக்கு வருவோம். பெட்டிக்கடையில் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கலாம். மெஷினில் பாக்கெட்டின் முகம்தான் தெரியும். தேதி முதுகில் இருக்கிறது. பணம் கட்டி, சுருள் சுற்றி, பாக்கெட் கீழே விழுந்த பிறகுதான் தேதியைப் பார்க்கவே முடியும். 'பார்த்து வாங்கியிருக்க வேண்டும்' என்று உங்களிடம் யாரும் சொல்ல முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆவது பிரிவில், அந்தப் பொருளை வியாபாரமாக விற்பவர் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால் மட்டும், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு விலக்கு உண்டு. சோதிக்க வழியே வைக்காத விற்பனையில் அந்த விலக்கும் கிடையாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006 இன்னும் நேரடியானது. காலாவதித் தேதிக்குப் பிறகு விற்கப்பட்ட உணவுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது அதன் 27(3) பிரிவு. அந்தச் சட்டத்தில் விற்பனை என்பதற்குள் விற்பதற்காகக் காட்சிக்கு வைப்பதும், கையிருப்பில் வைத்திருப்பதும் அடங்கும். அதாவது அதே பேட்ச் பாக்கெட்டுகள் இன்னமும் மெஷினில் தொங்கிக்கொண்டிருந்தால், இந்த நிமிடமும் மீறல் நடந்துகொண்டிருக்கிறது.

'பணம் திருப்பித் தரப்படாது' ஸ்டிக்கரைக் கண்டு தயங்க வேண்டாம். மெஷினோடு செய்யும் ஒப்பந்தம் பற்றி இங்கிலாந்தில் ஒரு புகழ்பெற்ற தீர்ப்பு உண்டு: 1971-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளியான தார்ன்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங். கார் நிறுத்துமிடத்தில் தானியங்கி மெஷின் நீட்டிய டிக்கெட்டில் இருந்த நிபந்தனை, டிக்கெட் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. மெஷினிடம் போய் வாதாட முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகு தெரியவரும் நிபந்தனைக்கு மதிப்பில்லை என்பது அதன் சாரம். உங்கள் ஸ்டிக்கர் முன்கூட்டியே கண்ணில் பட்டது என்று அவர்கள் வாதிடலாம். வாதிடட்டும். காலாவதி உணவை விற்கக் கூடாது என்ற சட்டத் தடையை ஒரு ஸ்டிக்கரால் நீக்கிவிட முடியாது.

யார் மீது என்று கேட்டீர்கள். மெஷினில் சரக்கு நிரப்பிப் பணம் வாங்கும் நிறுவனம்தான் முதல் எதிர்தரப்பு. உங்கள் யுபிஐ ரசீதில் பணம் போய்ச் சேர்ந்த பெயர் இருக்கும். மெஷினில் எங்காவது 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்க வேண்டும். இரண்டையும் போட்டோ எடுங்கள். எண் இல்லையென்றால் அதுவே தனிப் புகார். சிப்ஸ் தயாரித்த கம்பெனியை இழுப்பதில் அர்த்தமில்லை. தேதி தாண்டி விற்றது அவர்கள் அல்ல. மெஷினுக்கு இடம் கொடுத்ததோடு சரி என்றால் உங்கள் அலுவலகத்துக்கும் பெரும்பாலும் பொறுப்பு வராது. ஆனாலும் ஹெச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஒப்பந்தம் பறிபோகுமோ என்ற பயம் சட்ட நோட்டீஸைவிட வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

தோழி பணம் கட்டவில்லையே என்று நினைக்காதீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அவர் டாக்டரிடம் போயிருந்தால் சீட்டும் மருந்து பில்லும் பத்திரமாக இருக்கட்டும். போகவில்லையென்றால், வாந்திக்குக் காரணம் இந்த சிப்ஸ்தான் என்று நிறுவுவது கடினம். நிறுவ முடிந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-ஆவது பிரிவில் இழப்பீடு உண்டு: சாதாரண பாதிப்புக்கு 1 லட்சம்வரை, கொடுங்காயத்துக்கு 3 லட்சம்வரை, மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம்.

இந்த வழக்கில் உங்கள் பலவீனம் சாட்சியம்தான். யுபிஐ ரசீது நேரத்தையும் தொகையையும் காட்டும். கீழே விழுந்தது எந்த பாக்கெட் என்பதைக் காட்டாது. 'எப்போதோ வாங்கி மேஜையில் போட்டு வைத்ததைக் கொண்டுவருகிறார்' என்பார்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சக ஊழியர் ஒருவர் வீடியோ எடுக்க, அதே வரிசையிலிருந்து இன்னொரு பாக்கெட்டை வாங்குங்கள். பணம் கட்டுவது, பாக்கெட் விழுவது, எடுத்துத் திருப்பித் தேதியையும் பேட்ச் எண்ணையும் காட்டுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாக வேண்டும். அதைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்த பாக்கெட்டையும் தூக்கி எறியாதீர்கள்.

காலாவதியை நிரூபிக்க ஆய்வகம் தேவையில்லை, லேபிளே போதும். வாங்கியவரே உணவு ஆய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவிக்க வேண்டுமாம். மெஷினிடம் எப்படித் தெரிவிப்பது என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலரையே வரவழைத்து மாதிரி எடுக்கச் சொல்வதுதான் நடைமுறை. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படங்களோடு புகார் அனுப்பலாம்.

கூடுதலாக வாங்கிய 5 ரூபாய்க்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பாக்கெட் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி. தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. ஓட்டலில் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் விலை வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னதைக் காட்டுவார்கள். அது உட்கார வைத்து உபசரிக்கும் இடத்துக்கான தீர்ப்பு. சுருள் சுற்றி பாக்கெட்டைத் தள்ளிவிடுவதை உபசரிப்பு என்று யாரும் ஏற்கமாட்டார்கள் என்பது என் கருத்து.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம்வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பில் தராததையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வகைப்படுத்துகிறது. அதையும் மனுவில் சேருங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துபாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும். லட்சங்களை எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவச் சான்று இல்லாத வழக்கில் சில ஆயிரம் ரூபாயும் வழக்குச் செலவும் கிடைத்தால் அதுவே நல்ல தீர்ப்பு. அவர்கள் அனுப்பும் 25 ரூபாயை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் 'பிரச்சினை முழுமையாகத் தீர்ந்தது' என்று எதிலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் நீங்கள் போன் செய்துவிட்டீர்கள். அந்த மெஷினில் பழைய சரக்கு இன்னும் அதிக நாள் இருக்காது. வீடியோவையும் வாட்ஸ்அப் புகாரையும் இன்றே முடித்துவிடுங்கள்.