இறுதியாண்டு ஆய்வு: எந்த முறையைத் தெரிவது?

புவியியல் சிறப்புக் கற்கை மாணவர்கள் இறுதியாண்டில் கேட்பது இதைத்தான்: செய்மதிப் படத்தை வைத்துச் செய்வதா, வினாக்கொத்துக் கொடுப்பதா, ஆட்களோடு இருந்து கதைப்பதா? எதை அறியப் போகிறீர்கள் என்று முடிவாகாமல் இதற்குப் பதில் இல்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளையே எடுத்துக்கொள்வோம்.

தண்ணீரில் நைத்திரேற்று எங்கே கூடுதல் என்று அறிய அளவீடுதான் வழி. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் விரைவாக உள்ளே இறங்கும். ஆகவே மாரிக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் மாதிரி எடுங்கள். ஆய்வுகூட அறிக்கையில் அலகைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகக் கணக்கிட்டால் அதுவே ஏறக்குறைய 11. இதில் தடுமாறினால் வரைபடம் முழுவதும் பிழை.

தோட்டக்காணி வீட்டுக்காணியாவதைப் பார்க்கச் செய்மதிப் படம் உதவும். ஆனால் லாண்ட்சாட்டின் 30 மீற்றர் கட்டம் ஒன்றுக்குள் மூன்றரைப் பரப்புக் காணி அடங்கிவிடும்; வெங்காயத் தறையும் பக்கத்து வளவும் ஒரே நிறமாகத் தெரியும். சென்டினல்-2இன் 10 மீற்றர் கட்டம் அரைப் பரப்புக்கும் குறைவு. ஆனால் அது 2015இல்தான் ஏவப்பட்டது. முப்பது வருட மாற்றம் வேண்டுமென்றால் லாண்ட்சாட்டைத் தவிர்க்க முடியாது.

தெரிந்தும் ஏன் கூடுதலாகப் பசளை போடுகிறார்கள் என்பது உங்கள் கேள்வியானால், இவை இரண்டும் உதவா. வினாக்கொத்தில் "எவ்வளவு பசளை?" என்று கேட்டால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். போன போகத்துக்குப் பசளையை யாரிடம் கடனுக்கு எடுத்தார், வெங்காயத்தை யாருக்கு விற்றார் என்று தோட்ட வரம்பிலேயே இருந்து கேளுங்கள்.

கேள்விதான் முறையைத் தீர்மானிக்கிறது என்பதைப் புவியியற் சிந்தனை வரலாறும் காட்டுகிறது; அந்தப் பாடம் பரீட்சையோடு முடிவதில்லை. புவியியலாளர் டேவிட் ஹார்வி 1969இல் விஞ்ஞான விளக்க முறைக்காக ஒரு பெருநூல் எழுதியவர். 1973இல் நகரங்களின் அநீதியைக் கேள்வியாக்கியபோது மார்க்சியத்தை நாடினார். கேள்வி மாறியது, முறையும் மாறியது.

ஒரு தனி மாணவரின் நேரத்துக்கும் கைக்காசுக்கும் ஏற்றது ஒரே கிராமம், அளவான கிணறுகள், அளவீட்டோடு நேர்காணல் என்பதே என் முடிவு. வினாக்கொத்து கடைசித் தெரிவாகவே இருக்கட்டும்.

மாதிரி எடுத்த வீட்டாருக்கு முடிவைக் கட்டாயம் சொல்லுங்கள். நைத்திரேற்று எல்லையை மீறிய கிணற்றுத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடென்றால், ஆய்வேடு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.